ப்ரொரோக்: ‘நீட்டு’ என்று பிறந்து ‘முடி’ என்று ஆன சொல் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பி, ஆர், ஓ, ஆர், ஓ, ஜி, யூ, இ. எட்டு எழுத்தில் ஓர் ஆங்கில வினைச்சொல். வருஷத்தில் மூன்று நான்கு தடவை அரசியல் செய்திகளில் தலைகாட்டிவிட்டுப் போகும். பெரிய ஆங்கில அகராதியைப் புரட்டினால் ‘காலத்தை நீட்டு’ என்று ஒரு பொருள், வழக்கொழிந்தது என்ற குறிப்போடு இருக்கும். பக்கத்திலேயே ‘கூட்டத்தொடரை முடித்துவை’ என்று கிட்டத்தட்ட நேர் எதிரான இன்னொரு பொருள். எது சரி? செய்தி மொழிபெயர்ப்பே பிழைப்பாகிப்போனதால் இந்தச் சொல்லைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் நிறைய. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள், புதிதாக வேலைக்குச் சேர்ந்த உதவி ஆசிரியர்கள், சும்மா ஆர்வத்தில் கேட்பவர்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கே: இன்றைக்கு இதன் பொருள் என்ன?

நாடாளுமன்றத்தின் அல்லது சட்டப்பேரவையின் ஒரு கூட்டத்தொடரை, அவையைக் கலைக்காமல், முறைப்படி முடித்துவைப்பது. உறுப்பினர்களின் பதவி அப்படியே இருக்கும். அடுத்த கூட்டத்தொடருக்குப் புதிதாக அழைப்பு போகும். அதுவரை அவை என்று ஒன்று கூட முடியாது.

கே: எப்படி உச்சரிப்பது?

‘ப்ரொ’வை லேசாகச் சொல்லிவிட்டு ‘ரோக்’கில் அழுத்துங்கள். கடைசி ‘யூ, இ’ வாயில் வராது, போக்கிரியைக் குறிக்கும் ‘ரோக்’கில் வராதது மாதிரியே. பெயர்ச்சொல் ப்ரொரொகேஷன். போக்கிரிக்கும் இதற்கும் உறவு உண்டா என்று ஒரு மாணவி கேட்டாள். 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஏழை மாணவன் வேஷம் போட்டுப் பிச்சை எடுத்த நாடோடிகளுக்குத் திருடர் பாஷையில் ‘ரோகர்’ என்று பெயர்; அது லத்தீனில் ‘கேள், இரந்து கேள்’ என்று பொருள்படும் ‘ரொகாரே’யிலிருந்து வந்திருக்கலாம், ‘ரோக்’ அதிலிருந்து பிறந்திருக்கலாம் என்று ஓர் ஊகம் இருக்கிறது. நிரூபணமானது அல்ல. உண்மையாக இருந்தால் இரண்டும் ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

கே: ‘நீட்டு’ என்ற பொருள் எங்கிருந்து வந்தது?

ரோமிலிருந்து. அதிலும், நேப்பிள்ஸ் நகரத்து மதில் வாசலிலிருந்து என்றே சொல்லலாம்.

ரோமக் குடியரசில் கான்சல் என்ற தலைமைப் பதவிக்கு ஆயுள் ஒரே வருஷம். இரண்டு பேர் இருப்பார்கள். வருஷம் முடிந்தால் இறங்கிவிட வேண்டும். யாரும் ராஜாவாகிவிடக் கூடாது என்ற பயத்தில் போட்ட விதி அது. போர்க்களமெல்லாம் ரோமுக்குப் பக்கத்திலேயே, காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் தூரத்தில் இருந்தவரை இதில் பெரிய சிக்கல் வரவில்லை.

கி.மு. 327இல் கான்சலாக இருந்தவர்களில் ஒருவர் க்வின்டஸ் புப்ளிலியஸ் ஃபைலோ. தெற்கே, இன்றைய நேப்பிள்ஸ் இருக்கும் இடத்தில், கிரேக்கர்களின் ஊரை முற்றுகையிட்டுக் காத்திருந்தார். முற்றுகை என்பது அவசரத்துக்கு நடக்கிற காரியம் இல்லை. உள்ளே இருப்பவர்களுக்குத் தானியம் தீர வேண்டும், தைரியம் தீர வேண்டும். அதற்குள் ஃபைலோவின் வருஷம் தீர்ந்துவிட்டது. பாதி வேலையில் அவரை ஊருக்கு வரச்சொல்லிவிட்டு, படையின் முகமே தெரியாத ஒருவரை அனுப்புவதா? மக்கள் மன்றத்தின் முன்னால் ஒரு தீர்மானம் வைத்தார்கள்: ஃபைலோ கான்சல் பதவியிலிருந்து இறங்கட்டும், ஆனால் இந்தப் போர் முடியும்வரை ‘கான்சலுக்குப் பதிலாக’ அங்கேயே இருந்து படை நடத்தட்டும். மக்கள் சரி என்றார்கள். அடுத்த ஆண்டு ஊர்த் தலைவர்கள் இருவர் சேர்ந்து நகரத்தை ரோமர் கையில் ஒப்படைத்தார்கள். பதவிக்காலம் முடிந்த பிறகும் ஒருவருக்கு அதிகாரம் நீட்டிக்கப்பட்டது இதுவே முதல்முறை என்று வரலாற்றாசிரியர் லிவி எழுதிவைத்திருக்கிறார்.

இந்த நீட்டிப்புக்குத்தான் லத்தீனில் ‘ப்ரோரொகாட்டியோ’ என்று பெயர். ‘கான்சலுக்குப் பதிலாக’ என்பதுதான் பின்னாளில் ‘ப்ரோகான்சல்’ என்ற பதவியாகவே ஆனது.

முதல் தடவை மக்களைக் கேட்டார்கள். போகப்போக செனட்டே நீட்டிக்கொடுக்கத் தொடங்கியது. பிறகு ஐந்து ஐந்து வருஷமாகச் சட்டம் போட்டே கொடுத்தார்கள். ஜூலியஸ் சீசருக்கு கி.மு. 59இல் ஐந்து வருஷப் படைத்தலைமை, கி.மு. 55இல் மேலும் ஐந்து வருஷம். அந்த நீட்டிப்பு தீரும் கட்டத்தில், கி.மு. 49 ஜனவரியில், படையைக் கலைக்கச் சொன்னபோது அவர் படையோடு யாரும் தாண்டக் கூடாத எல்லையான ரூபிகன் ஆற்றைத் தாண்டினார். குடியரசு விழுந்ததற்கு நீட்டிப்பு ஒன்றே காரணம் என்றால் வரலாற்று வாத்தியார்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனால் ஒரு வருஷத்துக்கு மேல் யாரும் இருக்கக் கூடாது என்று கட்டிய மதிலில் ஃபைலோவுக்காகத் திறந்த சின்னக் கதவு வழியாகத்தான் சீசர் படையோடு வந்தார் என்பது என் கட்சி.

கே: சொல்லுக்குள்ளே ‘கேள்’ என்று இருக்கிறதே, அதற்கும் நீட்டுவதற்கும் என்ன சம்பந்தம்?

நல்ல கேள்வி. ‘ப்ரோ’ என்றால் முன்னால், முன்னோக்கி. ‘ரொகாரே’ என்றால் கேட்பது. ரோமில் சட்டம் இயற்றுவது என்றாலே மக்களைக் கேட்பதுதான். தீர்மானத்தை முன்மொழிபவர் கூட்டத்தைப் பார்த்து, இதை விரும்புகிறீர்களா, ஆணையிடுகிறீர்களா என்று கேட்பார். ஆமோதிப்பவர் ‘நீ கேட்டபடியே’ என்பார். லத்தீனில் ‘உட்டி ரொகாஸ்’. பிறகு ரகசிய வாக்கெடுப்பு வந்தபோது அந்த இரண்டு சொல்லும் முதலெழுத்தாகச் சுருங்கி மெழுகு பூசிய பலகைத் துண்டில் ஏறின. எதிர்ப்பவர் ‘பழையபடியே இருக்கட்டும்’ என்பதற்கு ‘ஆ’ எழுத்தைப் போடுவார். காசியஸ் லாஞ்சினஸ் என்ற அதிகாரி அடித்த வெள்ளிக் காசு ஒன்றில், டோகா என்ற ரோம மேலாடை போர்த்திய ஒரு வாக்காளர் ‘உட்டி’யின் முதலெழுத்துப் பொறித்த, அதாவது ஆமோதிக்கும், பலகையைப் பெட்டிக்குள் போடும் காட்சியே இருக்கிறது. அருங்காட்சியகங்களில் பார்க்கலாம், விரல்நகம் அகலம்தான் இருக்கும்.

ஆக, பதவியை நீட்டவேண்டும் என்றாலும் கேட்டுத்தான் நீட்டவேண்டும். கேட்பதைக் குறித்த சொல்லே நீட்டுவதைக் குறிக்க வந்தது அப்படித்தான்.

இந்த ‘ரொகாரே’யின் பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஏராளம். போலீஸ் விசாரணைக்குச் சொல்கிற ‘இன்ட்டராகேட்’ இடையிடையே கேட்பது. சட்டத்தை நீக்கும் ‘அப்ரோகேட்’ கேட்டு அகற்றுவது. திமிர் பிடித்தவரை ‘அரகன்ட்’ என்கிறோம். தனக்கு உரிமை இல்லாததையும் கேட்டு எடுத்துக்கொள்கிறவர். வாடகைத்தாய்க்குச் சொல்லும் ‘சரகேட்’ ஒருவருக்குப் பதிலாகக் கேட்டு வைக்கப்பட்டவர். எனக்குப் பிடித்தது ‘ப்ரிராகேட்டிவ்’. தனியுரிமை என்று மொழிபெயர்க்கிறோம். ரோமில் வாக்களிக்கும் குழுக்களில் ஒன்றைச் சீட்டுக் குலுக்கி எடுத்து முதலில் கேட்பார்கள். அதன் முடிவை அறிவித்த பிறகே மற்றவை வாக்களிக்கும். முதலில் கேட்கப்பட்டவர்களின் செல்வாக்குதான் அந்தச் சொல்.

கே: சரி, ‘நீட்டு’ எப்படி ‘முடி’ ஆனது?

நம் ஊர்க் கோர்ட்டு வாசலில் நின்றால் இது ஒரு நிமிஷத்தில் விளங்கிவிடும். காலை பத்தரைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். பெயரைக் கூப்பிடுகிறார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஏதோ சொல்கிறார். ‘அடுத்த மாசம் பதினெட்டு’ என்கிறார்கள். வாய்தா. அன்றைய விசாரணை அதோடு முடிந்தது, நீங்கள் பஸ் பிடிக்கலாம். ஆனால் வழக்கு முடியவில்லை; அதன் ஆயுள் ஒரு மாதம் நீண்டது. ஒரே செயல்தான். இன்றைய நாளை வைத்துப் பார்த்தால் நிறுத்தம், வழக்கை வைத்துப் பார்த்தால் நீட்சி.

இங்கிலாந்திலும் அதுவே நடந்தது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தச் சொல் ஆங்கிலத்துக்கு வந்தபோது, போர்நிறுத்த உடன்படிக்கையின் காலத்தை நீட்டுவதற்குத்தான் பயன்பட்டது. அந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே நாடாளுமன்றத்துக்கு ஒட்டிக்கொண்டது. மன்னர் அவையைக் கலைக்காமல், வேறொரு நாளுக்குத் தள்ளுவார். ‘இந்த நாடாளுமன்றத்தை இன்ன நாள்வரை நீட்டுகிறேன்’ என்பதுதான் ஆதியில் அதன் கருத்து. கலைத்தால் செத்தது, நீட்டினால் உயிரோடு இருக்கிறது. ஆனால் உறுப்பினர் என்ன பார்ப்பார்? இன்று கூட்டம் இல்லை, மூட்டை கட்டு. பார்க்கிறவர் கண்ணில் எது பட்டதோ அதுவே பொருளாக நின்றுவிட்டது.

நடுவில் ‘தள்ளிப்போடு’ என்ற பொருளும் ஓடியது. ஷேக்ஸ்பியரிடம் இரண்டும் இருக்கின்றன. ரோமியோ ஜூலியட்டின் தோட்டத்துக் காட்சியில், உன் அன்பு இல்லாமல் சாவு தள்ளிப்போவதைவிட உன் வீட்டார் பகையில் இப்போதே முடிவது மேல் என்று ரோமியோ சொல்லும் இடத்தில் இந்த வினை ‘தள்ளிப்போடு’. பெரிக்ளீஸில், மூன்று மாதமாக யாரோடும் பேசாத மன்னர் தன் துயரத்தை நீட்டுவதற்கு மட்டுமே ஏதோ கொஞ்சம் சாப்பிடுகிறார் என்று சொல்லும்போது அதே வினை ‘நீட்டு’. 1600ஐ ஒட்டிய வருஷங்களில் லண்டன் நாடகக் கொட்டகையில் நின்றிருந்தவருக்கு இரண்டும் புரிந்திருக்கும்.

கே: மற்ற மொழிகளில் என்ன ஆனது?

அங்கெல்லாம் மூலப்பொருள் கெடவில்லை, ஆங்கிலம்தான் தடம் மாறியது. ஃபிரெஞ்சில் ‘ப்ரொரொஜே’ என்றால் இன்றைக்கும் கெடுவை நீட்டுவது. இத்தாலியில் ‘ப்ரோரொகா’ என்றால் வரி கட்ட, படிவம் கொடுக்கக் கிடைக்கும் கால அவகாசம். அங்கே ஆண்டு முடிவில், தீரப்போகிற கெடுக்களையெல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டி நீட்டிவிடும் அவசரச் சட்டம் ஒன்று வாடிக்கையாக வரும். அதற்குப் பத்திரிகைகள் வைத்த பெயர் ‘மில்லெப்ரோரொகே’: ஆயிரம் நீட்டிப்பு. நம் ஊர் ஆட்களுக்கு உடனே புரிகிற பெயர்.

ஸ்பானியத்தில் இதே சொல் கால்பந்து மைதானத்தில் இருக்கிறது. தொண்ணூறு நிமிஷத்தில் முடிவு தெரியாவிட்டால் ஆடும் கூடுதல் நேரம்தான் அங்கே ‘ப்ரோரொகா’. 2010 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்துக்கு எதிராக இனியெஸ்டா 116ஆவது நிமிஷத்தில் கோல் அடித்தாரே, அது ‘ப்ரோரொகா’வில் அடித்த கோல். லண்டன் நாடாளுமன்றத்தில் இந்தச் சொல் கேட்டால் எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள். மாட்ரிட்டில் கேட்டால் எழுந்தவர்கூடத் திரும்ப உட்காருகிறார்.

ஆங்கிலத்திலும் ஒரு மூலையில் பழைய பொருள் மூச்சுவிடுகிறது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டு, தங்கள் வழக்குக்கு இல்லாத அதிகார வரம்பை ஒரு நீதிமன்றத்துக்கு நீட்டிக்கொடுப்பதை ஸ்காட்லாந்துச் சட்டத்தில் ப்ரொரொகேஷன் என்பார்கள். அவ்வளவுதான்.

கே: ப்ரொலாங், ப்ரொட்ராக்ட், எக்ஸ்டென்ட், இவற்றுக்கும் நீட்டுவதுதானே பொருள்?

எக்ஸ்டென்ட் பொதுவானது, எதற்கும் பொருந்தும். ப்ரொலாங் ‘நீளம்’ என்ற சொல்லைக் கட்டி உருவானது. பெரும்பாலும் காலத்துக்கு, அதிலும் இயல்பாக முடிந்திருக்க வேண்டியதை நீளச்செய்வதற்கு வரும். நோயாளியின் ஆயுளை நீட்டுவது ப்ரொலாங். ப்ரொட்ராக்ட் என்றால் இழுப்பது. ட்ராக்டரும் அந்த ‘இழு’வில் பிறந்ததுதான். ஆகவே சொல்லும்போதே ஓர் அலுப்பு கேட்கும். ‘இழுத்தடித்த பேச்சுவார்த்தை’ என்கிறோமே, அது. நாளை நாளை என்று தள்ளும் ‘ப்ரொக்ராஸ்டினேட்’டுக்குள் லத்தீனில் நாளையைக் குறிக்கும் ‘க்ராஸ்’ அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

ப்ரொலாங்குக்கு ஒரு திருட்டு உறவும் உண்டு. அதே ‘ப்ரோ’வும் அதே ‘நீளம்’ குடும்பமும் பழைய ஃபிரெஞ்சு வழியாக வந்தபோது ‘தொலைவில் வை, தாமதப்படுத்து’ என்றாகி, ஆங்கிலத்தில் ‘பர்லாய்ன்’ என்று இறங்கியது. பொருள்: திருடு. இரவல் வாங்கிப்போன புத்தகத்தைத் திருப்பித் தரும் நாளை நீட்டிக்கொண்டே போகும் நண்பர்களை நினைத்தால் இந்தப் பொருள் மாற்றம் ஆச்சரியம் தராது.

கே: இந்தியாவில் ஒத்திவைப்பு, முடித்துவைப்பு, கலைப்பு மூன்றும் எப்படி வேறுபடுகின்றன?

யார் செய்கிறார் என்று பாருங்கள், பாதி குழப்பம் தீரும். ஒத்திவைப்பவர் அவைத் தலைவர். மதியச் சாப்பாட்டுக்கும் ஒத்திவைப்பார், திங்கட்கிழமைக்கும் ஒத்திவைப்பார், கூட்டத்தொடரின் கடைசி நாளில் தேதி குறிப்பிடாமலும் ஒத்திவைப்பார். சட்டசபை நிருபர்கள் ‘சைனி டை ஆயிடுச்சு’ என்று போனில் சொல்வது இந்தக் கடைசி வகையை. அதன் பிறகு சில நாள் கழித்து, நாடாளுமன்றம் என்றால் குடியரசுத் தலைவர், மாநிலம் என்றால் ஆளுநர், கூட்டத்தொடரை முடித்துவைத்து ஆணை வெளியிடுவார். அரசியல் சட்டத்தின் 85, 174ஆம் பிரிவுகள் தரும் அதிகாரம் அது. அமைச்சரவை ஆலோசனைப்படி செய்வது. இதுதான் ப்ரொரோக். கலைப்பு மக்களவைக்கும் சட்டப்பேரவைக்கும் மட்டும். மாநிலங்களவையை முடித்துவைக்கலாம், கலைக்க முடியாது.

இரண்டு கூட்டத்தொடர்களுக்கு நடுவே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி விழக் கூடாது. அதனால் முடித்துவைத்துவிட்டு மறந்துபோவது நடக்காது.

கே: முடித்துவைத்தால் பாதியில் நிற்கும் மசோதாக்கள் செத்துவிடுமா?

பிரிட்டனில், முன்கூட்டியே அடுத்த கூட்டத்தொடருக்கு எடுத்துச்செல்லத் தீர்மானித்தவை தவிர, செத்துவிடும். இந்தியாவில் சாகாது; 107ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. தேர்வில் இதை மாற்றி எழுதுகிறவர்கள் அதிகம். மக்களவையில் காலாவதியாவது, மசோதா அறிமுகத்துக்கானவை நீங்கலாக, நிலுவையில் உள்ள நோட்டீஸ்கள்.

கே: அப்புறம் எதற்கு இதை வைத்து இவ்வளவு சண்டை?

பேசுகிற இடத்தைப் பூட்டும் சாவி என்பதால். 1675 நவம்பரில் இரண்டாம் சார்லஸ் மன்னர் நாடாளுமன்றத்தைப் பதினைந்து மாதத்துக்கு ப்ரொரோக் செய்தார். 1677 பிப்ரவரியில் கூடியபோது ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவும் இன்னும் மூவரும் எழுந்து, ஒரு வருஷத்துக்கு மேல் நீட்டினால் அது நீட்டல் இல்லை, கலைப்புதான், ஆகவே இந்த அவையே செல்லாது என்று வாதிட்டார்கள். நால்வரையும் லண்டன் கோபுரச் சிறைக்கு அனுப்பினார்கள். ஒரு வினைச்சொல்லின் பொருள் எங்கே முடிகிறது என்று கேட்டதற்குக் கிடைத்த தண்டனை என்று நான் இதை வாசிக்கிறேன்.

கனடாவில் 2008 டிசம்பரில் எதிர்க்கட்சிகள் சேர்ந்து பிரதமர் ஹார்ப்பரைக் கவிழ்க்கத் தயாரானபோது, வாக்கெடுப்புக்கு முன்னால் அவர் தலைமை ஆளுநரிடம் போய் அவையை ஜனவரி இறுதிவரை மூட அனுமதி வாங்கிவந்தார். ஆட்சி பிழைத்தது. இலங்கையில் 2018 அக்டோபர் 26ஆம் தேதி ரணிலை நீக்கி மஹிந்தவைப் பிரதமராக்கிய ஜனாதிபதி சிறிசேன, மறுநாளே பாராளுமன்றத்தை நவம்பர் 16 வரை மூடினார். அந்நாட்டு அரசியல் சட்டப்படி அடுத்த தேதியைக் குறித்தே மூட வேண்டும், அதுவும் இரண்டு மாதத்துக்குள். பிறகு அவர் அவையையே கலைக்கப்போய், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் டிசம்பர் 13இல் அந்தக் கலைப்பு செல்லாது என்றது வேறு கதை.

எல்லோருக்கும் நினைவிருப்பது 2019 லண்டன். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறும் நாள் அக்டோபர் 31. அதற்கு முன் மிச்சமிருந்த எட்டு வாரத்தில் ஐந்து வாரத்தைப் பிரதமர் போரிஸ் ஜான்சன் ப்ரொரொகேஷனில் விழுங்கப் பார்த்தார். செப்டம்பர் 10 விடியற்காலையில் சடங்கு நடந்தபோது எதிர்க்கட்சியினர் ‘வாய் பூட்டப்பட்டது’ என்ற பொருளில் அட்டை பிடித்தார்கள். செப்டம்பர் 24இல் உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகளும் ஒருமனதாக, அது சட்டவிரோதம், ஆகவே நடக்கவே இல்லை என்றார்கள். அரசியின் ஆணையர்கள் வெற்றுத்தாளோடு அவைக்குள் வந்ததற்குச் சமம் என்று தீர்ப்பு சொன்னது. மறுநாள் அவை கூடியது. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சடங்கின்போது அரச ஒப்புதல் பெற்ற ஒரு மசோதாவின் ஒப்புதலும் கூடவே அடிபட்டுப்போய், அக்டோபரில் மறுபடி ஒப்புதல் தர வேண்டியதாயிற்று. அது நாடாளுமன்றக் கட்டடத்தைப் பழுதுபார்ப்பதற்கான மசோதா.

கே: இந்தியாவில் அப்படி ஏதும் நடந்ததா?

பஞ்சாபில் இரண்டு தடவை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் சுவாரஸ்யம்.

1968 மார்ச் மாதம். பட்ஜெட் நிறைவேற வேண்டும், 31ஆம் தேதிக்குள் முடியாவிட்டால் கஜானாவிலிருந்து பணம் எடுக்க முடியாது. அவையில் அமளி. சபாநாயகர் 7ஆம் தேதி அவையை இரண்டு மாதத்துக்கு ஒத்திவைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் ஒத்திவைத்ததை அவரேதான் திறக்க முடியும். என்ன செய்வது? ஆளுநர் 11ஆம் தேதி கூட்டத்தொடரையே முடித்துவைத்தார். கூட்டத்தொடர் முடிந்ததும் சபாநாயகரின் ஒத்திவைப்பும் அதோடு போயிற்று. 13ஆம் தேதி ஓர் அவசரச் சட்டம், 18ஆம் தேதிக்குப் புதிய கூட்டத்தொடர். விவகாரம் உச்ச நீதிமன்றம் போனபோது ஆளுநர் செய்தது செல்லும் என்றார்கள். பூட்டும் சாவியைக் கொண்டு பூட்டிய கதவைத் திறந்த ஒரே கதை எனக்குத் தெரிந்து இதுதான்.

2023இல் தலைகீழ். பஞ்சாப் பேரவையின் பட்ஜெட் கூட்டத்தொடர் மார்ச் 22இல் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது, முடித்துவைக்கப்படவில்லை. ஜூன் 19, 20 தேதிகளில் சபாநாயகரே அவையைத் திரும்பக் கூட்டி மசோதாக்களை நிறைவேற்றினார். ஆளுநர் பன்வாரிலால் புரோகித், நம் மாநிலத்தில் ஆளுநராக இருந்தவர்தான், அந்த அமர்வே செல்லாது என்று மசோதாக்களை நிறுத்திவைத்தார். நவம்பரில் உச்ச நீதிமன்றம் அமர்வு செல்லும் என்றது. ஆனால், கூட்டத்தொடரை முடித்துவைக்காமல் ஒத்திவைப்பிலேயே காலம் தள்ளும் பழக்கத்தையும் கண்டித்தது. முடித்துவைக்காவிட்டால் திரும்பக் கூட்ட ஆளுநரின் அழைப்பாணை தேவையில்லை. அந்த வசதி சில மாநில அரசுகளுக்குப் பிடித்துப்போயிருந்தது.

இன்னொரு பயனும் உண்டு. இரண்டு அவைகளும் கூட்டத்தொடரில் இருக்கும்போது மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவர முடியாது. 2015இல் பட்ஜெட் கூட்டத்தொடரின் இடைவேளையில் மாநிலங்களவையை மட்டும் மார்ச் 28இல் முடித்துவைத்தார்கள். ஏப்ரல் 3ஆம் தேதி நிலம் கையகப்படுத்தும் அவசரச் சட்டம் மறுபடி வந்தது.

கே: 2022இல் மேற்கு வங்க ஆளுநர் சட்டப்பேரவையை ‘முடக்கினார்’ என்று படித்தேனே?

பிப்ரவரி 12ஆம் தேதி ஆளுநர் ஜகதீப் தன்கர் ப்ரொரோக் ஆணையை வெளியிட்டார். பேரவையை ஆளுநரே தன்னிச்சையாக மூடிவிட்டார் என்று செய்தி பரவியது. தமிழக முதல்வர் மு.க. ஸ்டாலினும் மரபுக்கு விரோதம் என்று கண்டித்து எழுதினார். மாநில அரசு கேட்டுக்கொண்டதால்தான் செய்தேன் என்று தன்கர் பதில் போட்டார். வழக்கமான காகித வேலை. ‘முடக்கினார்’ என்று தலைப்புப் போடுவதற்கு முன்னால், அமைச்சரவை பரிந்துரை இருந்ததா என்று ஒரு போன் போட்டுக் கேட்பது நல்லது.

கே: தமிழில் எப்படி எழுதுவது?

‘கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டது’ என்று எழுதுங்கள். நீளம்தான், ஆனால் பிசகாது. ‘ஒத்திவைப்பு’ என்றால் சபாநாயகர் செய்ததாகிவிடும். ‘முடக்கம்’ ஒரு கருத்து, செய்தி இல்லை.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்றால், தப்புச் செய்தவன் என்ற யோக்கியதை உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், இரவுப் பணியில், ஏதோ ஒரு மாநிலத்துச் செய்தி ஆங்கிலத்தில் வந்தது. மேஜையில் அட்டை கிழிந்த பழைய அகராதி ஒன்று கிடந்தது. பார்த்தேன், ‘நீட்டி வை’ என்று போட்டிருந்தது. ‘சட்டசபைக் கூட்டத்தொடர் நீட்டிப்பு’ என்று தலைப்பு வைத்து அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன். மறுநாள் செய்தி ஆசிரியர் கூப்பிட்டு, ‘என்னப்பா, வீட்டுக்குப் போனவங்களையெல்லாம் திரும்ப உள்ளே உட்கார வச்சிட்டியே’ என்றார். அகராதி சொன்னதில் பிழை இல்லை. அது ஃபைலோ காலத்துப் பொருளைச் சொன்னது, நான் அன்றைய செய்திக்குப் போட்டேன்.

கே: கடன் தவணையை நீட்டித்தார்கள், விசாவை நீட்டித்தார்கள் என்பதற்கெல்லாம் இதைப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். ஆங்கிலத்தில் எழுதினால் எக்ஸ்டென்ட் போதும். வங்கி மேலாளரிடம் போய் என் தவணையை ப்ரொரோக் பண்ணுங்கள் என்றால் கடனே முடிந்துவிட்டதாக நினைக்கிறீர்களோ என்று பார்ப்பார். மேலாளர் ஸ்பெயின்காரராக இருந்தால் மட்டும் கேட்டுப்பாருங்கள்.